'மை கான்டாக்ட்ஸ்' என்று வைத்தும் யார் யாரோ ஸ்டேட்டஸ் பார்க்கிறார்கள். போனில் எதை மாற்ற வேண்டும்?

மீனா_தையலகம் (கும்பகோணம்) | திங்கள், காலை 11.20

எல்லாருக்கும் வணக்கம். வீட்டிலேயே ப்ளவுஸ், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். ஆரி வேலையும் உண்டு. டிசைன் படம் அனுப்புவது, தைத்தாச்சா என்று கேட்பது, பணம் போட்டதைச் சொல்வது என்று எல்லாமே வாட்ஸ்அப்பில்தான். யார் வந்தாலும் உடனே பெயர் போட்டு நம்பரைச் சேமித்துவிடுவேன். இல்லாவிட்டால் எந்தத் துணி யாருடையது என்றே தெரியாது.

போன வாரம் மகளின் ஆண்டுவிழாப் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தேன். எப்போதோ தையல் மெஷினைப் பார்க்க வந்துபோன ஒருவர், "பாப்பா இந்த ஸ்கூல்லயா படிக்குது?" என்று பள்ளிப் பெயரையே போட்டுக் கேட்டிருந்தார். சட்டையில் இருந்த பேட்ஜைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். தூக்கிவாரிப் போட்டது. பிரைவசியில் போய்ப் பார்த்தால் எல்லாம் 'மை கான்டாக்ட்ஸ்' என்றுதான் இருக்கிறது. அப்புறம் எப்படி அவருக்குத் தெரிந்தது?

இன்னொன்று. ஃபேஸ்புக்கில் வாடிக்கையாளர்களின் கணவர், அண்ணன் என்று ஒவ்வொருவராக 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று காட்டுகிறது. அவர்களுக்கும் என்னைக் காட்டும்தானே? நம்பரை மாற்றச் சொல்லாதீர்கள். போர்டு, பில் புக், துணிப்பை எல்லாவற்றிலும் இந்த நம்பர்தான் அச்சடித்திருக்கிறது.

குமரன்77 | திங்கள், பிற்பகல் 12.05

அவ்வளவு பயமாக இருந்தால் ஸ்டேட்டஸ் வைக்காமல் இருந்துவிடலாமே. மறைக்க ஒன்றும் இல்லாதவர்களுக்கு இதெல்லாம் பிரச்சினையே இல்லை.

ரவி_செல்_சர்வீஸ் (திருச்சி) | திங்கள், பிற்பகல் 2.40

மீனா அக்கா, செட்டிங்கில் தப்பே இல்லை. 'மை கான்டாக்ட்ஸ்' என்றால் நாம் எல்லாரும் "எனக்கு வேண்டியவர்கள்" என்று புரிந்துகொள்கிறோம். போனுக்கு அப்படித் தெரியாது. உங்கள் போன் புத்தகத்தில் ஒரு நம்பர் இருக்கிறதா, இல்லையா? அவ்வளவுதான் அதற்குத் தெரியும். உங்கள் அம்மாவும் ஒரு கான்டாக்ட், மெஷின் பார்க்க வந்தவரும் ஒரு கான்டாக்ட். நீங்கள் பெயர் போட்டு 'சேவ்' கொடுத்த அந்த நொடியே, டிபி, லாஸ்ட் சீன் எல்லாவற்றையும் பார்க்க அவருக்கு அனுமதி கொடுத்த மாதிரிதான்.

ஸ்டேட்டஸில் மட்டும் ஒரு கூடுதல் விதி உண்டு. நீங்கள் அவரைச் சேமித்திருக்க வேண்டும், அவரும் உங்களைச் சேமித்திருக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் தெரியும். தையல்காரர் நம்பரை எல்லாரும் சேமித்துத்தான் வைத்திருப்பார்கள். அதனால் உங்கள் விஷயத்தில் கிட்டத்தட்ட எல்லா வாடிக்கையாளரும் பார்ப்பார்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: வாட்ஸ்அப் > செட்டிங்ஸ் > பிரைவசி > ஸ்டேட்டஸ். அங்கே மூன்று தேர்வு இருக்கும். 'மை கான்டாக்ட்ஸ் எக்ஸெப்ட்' வேண்டாம். அதில் புதிதாக ஒருவரைச் சேமிக்கும்போதெல்லாம் அவர் தானாக உள்ளே வந்துவிடுவார், நாம் ஞாபகம் வைத்து வெளியே தள்ள வேண்டும். 'ஒன்லி ஷேர் வித்' எடுத்து, குடும்பத்தினர், நெருங்கிய தோழிகள் பெயரை மட்டும் டிக் செய்யுங்கள். இனி யாரைச் சேமித்தாலும் அந்தப் பட்டியல் மாறாது. ஆனால் இது இனிமேல் போடும் ஸ்டேட்டஸுக்குத்தான். ஏற்கெனவே போட்டது போட்டதுதான்.

டிபிக்கு இந்த 'ஒன்லி ஷேர் வித்' இல்லை. எவ்ரிஒன், மை கான்டாக்ட்ஸ், மை கான்டாக்ட்ஸ் எக்ஸெப்ட், நோபடி என்று நான்குதான். தொழில் நம்பர் என்பதால், தைத்த ப்ளவுஸ் ஒன்றின் படத்தையே டிபியாக வைத்துவிடுவது நல்லது. குழந்தை முகம் வேண்டாம்.

நிலா_டெவ் (சென்னை) | திங்கள், மாலை 4.15

குமரன், அவர் எதையும் மறைக்கவில்லை. தன் மகள் எந்தப் பள்ளிக்குப் போகிறாள் என்பது யாருக்குத் தெரியலாம் என்று தீர்மானிக்க நினைக்கிறார். அது ஒரு தாயின் உரிமை. வெளியாட்கள் தவறாக நடந்தால் வீட்டுக்குள் இருப்பவர் ஏன் கதவைச் சாத்திக்கொண்டு ஊமையாக இருக்க வேண்டும்?

மீனா, நான் ஆப் எழுதும் வேலையில் இருக்கிறேன். ஃபேஸ்புக் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஆப்பைப் போட்ட அன்றைக்கு "உங்கள் நண்பர்களைக் கண்டுபிடிக்க கான்டாக்ட்ஸைப் பகிரவா?" என்று ஒரு திரை வந்திருக்கும். நீல நிறப் பெரிய பட்டனை அழுத்தினால் போன் புத்தகம் முழுக்க அவர்கள் சர்வருக்குப் போய்விடும். அதன் பிறகு நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு நம்பரும் போய்க்கொண்டே இருக்கும்.

இதில் பலரும் கவனிக்காத விஷயம், நீங்கள் பகிரவே இல்லை என்றாலும் போதாது என்பது. வாடிக்கையாளர் ஒருவர் அவருடைய போன் புத்தகத்தை ஏற்றியிருந்தால், அதில் உங்கள் நம்பரும் சேர்ந்தேதான் போயிருக்கும். பத்து பேர் ஏற்றினால், இந்தப் பத்து பேருக்கும் பொதுவாக ஒருவர் இருக்கிறார் என்று நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும். 2016இல் அமெரிக்காவில் ஒரு மனநல மருத்துவரிடம் சிகிச்சைக்கு வந்தவர்களை, ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள் என்று ஃபேஸ்புக் பரிந்துரைத்ததாகச் செய்தி வந்தது. ஒருவரையொருவர் அறியாதவர்கள் அவர்கள்.

முதலில் செய்ய வேண்டியது: ஃபேஸ்புக் செட்டிங்ஸில் 'அப்லோட் கான்டாக்ட்ஸ்' என்று தேடி அணையுங்கள். மெசஞ்சரில் தனியாக ஒன்று இருக்கிறது, அதையும் அணைக்க வேண்டும். ஏற்கெனவே ஏற்றிய பட்டியலை நீக்குவதற்குத் தனிப் பக்கம் உண்டு. அணைத்தால் பழையது தானாக அழிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அப்புறம், 'ஹவ் பீப்பிள் ஃபைண்ட் அண்ட் கான்டாக்ட் யு' என்ற பகுதியில், உங்கள் போன் நம்பரை வைத்து யார் தேடலாம் என்பதை 'ஒன்லி மீ' ஆக்குங்கள்.

மற்றவர்கள் ஏற்றிய உங்கள் நம்பரை எடுக்கவும் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா ஒரு பக்கம் வைத்திருக்கிறது. 2022இல்தான் அது வெளியே தெரிய வந்தது. ஃபேஸ்புக் உதவிப் பக்கங்களில் ஒரு மூலையில் கிடக்கிறது. நம்பரைக் கொடுத்து, வரும் ஓடிபியை உறுதிசெய்தால் அழித்து, திரும்பவும் ஏற்றப்படாமல் தடுத்துவைப்பார்கள்.

தமிழாசிரியர்_ஓய்வு (தஞ்சாவூர்) | திங்கள், இரவு 8.30

பயனுள்ள இழை. எனக்கு வேறொரு சிக்கல். என் போனில் நான் சேமிக்காத பெயர்கள் வருகின்றன. 'ஜிம் மாஸ்டர்', 'ஹாஸ்டல் வார்டன்', 'பைக் மெக்கானிக் பாலு' என்றெல்லாம் இருக்கிறது. இவை என் மகனின் தொடர்புகள் என்பது புரிகிறது. இவை எப்படி என் போனுக்குள் வந்தன? ரவி தம்பி சொல்வதை வைத்துப் பார்த்தால், இவர்கள் எல்லாரும் என் டிபியைப் பார்க்கலாம் என்று ஆகிறதே?

ரவி_செல்_சர்வீஸ் | திங்கள், இரவு 9.10

ஆமாம் சார், பார்க்கலாம், அவர்களுக்கு உங்கள் நம்பர் தெரிந்திருந்தால். இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. கடைக்கு வரும் போன்களில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

உங்கள் போனிலும் மகன் போனிலும் ஒரே ஜிமெயில் இருக்கும். புதுப் போன் வாங்கும்போது பிளே ஸ்டோருக்கு ஒரு ஐடி கேட்கும். "என்னுதையே போட்டுடறேன்ப்பா" என்று மகன் போட்டுக் கொடுத்திருப்பார். ஜிமெயில் உள்ளே வந்தால் அதிலுள்ள கான்டாக்ட்ஸும் சேர்ந்து வரும். நீங்கள் புதிதாகச் சேமிப்பதும் அவர் போனில் போய் நிற்கும். சில வீடுகளில் அம்மா, அப்பா, மகன், மருமகள் நான்கு பேருக்கும் ஒரே ஐடி இருக்கிறது. மருமகளின் தோழிகள் நம்பரெல்லாம் மாமனார் போனில் இருக்கும்.

தயவுசெய்து அந்தப் பெயர்களை உங்கள் போனில் இருந்து அழிக்காதீர்கள். நீங்கள் இங்கே அழித்தால் மகன் போனிலும் அழிந்துவிடும். முதலில் உங்களுக்கென்று தனி ஜிமெயில் ஒன்று தொடங்குங்கள். பிறகு போனின் கான்டாக்ட்ஸ் ஆப்பைத் திறந்து, உங்களுடைய பெயர்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் புது ஐடிக்கு மாற்றுங்கள். கூகுள் கான்டாக்ட்ஸ் ஆப்பில் ஒவ்வொரு பெயரும் எந்த ஐடியின் கீழ் இருக்கிறது என்று காட்டும், அங்கேயே வேறு ஐடிக்கு நகர்த்தவும் முடியும். எல்லாம் வந்துவிட்டது என்று சரிபார்த்த பிறகு, செட்டிங்ஸ் > அக்கவுன்ட்ஸ் போய், மகனின் ஐடியில் 'கான்டாக்ட்ஸ்' சிங்கை (தானாக ஒத்திசையும் வசதியை) மட்டும் அணையுங்கள். கடைசியாக, புதிதாகச் சேமிப்பது உங்கள் ஐடிக்குப் போகும்படி டீஃபால்ட் மாற்றிவிடுங்கள்.

யாராவது அவசரத்தில் அழித்துவிட்டிருந்தால் பயப்பட வேண்டாம். கூகுள் கான்டாக்ட்ஸில் அழித்த பெயர்கள் 30 நாள் டிராஷில் இருக்கும், மீட்டுக்கொள்ளலாம். அதற்குப் பிறகு முடியாது.

செவிலி_அனு (கோவை) | செவ்வாய், காலை 6.50

நைட் டூட்டி முடிந்து வந்து இதைப் படிக்கிறேன். கான்டாக்ட்ஸ் என்றதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் வார்டில் வேலை செய்யும் ஒருவர், அவசரச் செலவுக்கு ஒரு கடன் ஆப்பில் சின்னத் தொகை வாங்கினார். ஆப் கான்டாக்ட்ஸ் கேட்டிருக்கிறது, கொடுத்துவிட்டார். தவணை தள்ளிப்போன மறுநாளே, அவர் போனில் இருந்த எல்லாருக்கும் போன் வந்தது. எனக்கு வந்தது, எங்கள் சூப்பரின்டென்டென்ட் மேடத்துக்கு வந்தது, அவருடைய சம்பந்தி வீட்டுக்கும் போயிருக்கிறது. "இவர் பணம் வாங்கி ஏமாற்றிவிட்டார், உங்களைத்தான் ஜாமீனாகக் காட்டியிருக்கிறார்" என்றார்கள். படத்தை மார்ஃபிங் செய்து அனுப்புவதாக மிரட்டலும் வந்தது. அந்த மனுஷி ஒரு வாரம் யார் முகத்தையும் பார்க்காமல் வேலை செய்தார்.

கடன் வாங்கியது அவர், நாங்கள் யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் எங்கள் எல்லாருடைய நம்பரும் அவர்கள் கைக்குப் போய்விட்டது. ஒருவர் 'அலவ்' கொடுத்தால் அவரோடு சேர்ந்து எத்தனை பேர் மாட்டுகிறோம் என்பதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். இதைத் தடுக்க வழி இருக்கிறதா?

வழக்குரைஞர்_மதுரை | செவ்வாய், காலை 9.30

சகோதரி, விதி இருக்கிறது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட டிஜிட்டல் கடன் வழிகாட்டுதலில், கடன் ஆப்கள் கான்டாக்ட் பட்டியல், அழைப்புப் பதிவு, கேலரி எதையும் தொடக்கூடாது என்று தெளிவாகவே சொல்லப்பட்டது, இன்றும் அதே விதிதான். கேஒய்சிக்காக (அடையாளச் சரிபார்ப்பு) ஒரு முறை கேமரா, மைக், லொகேஷன் போன்றவற்றைச் சம்மதத்தோடு கேட்கலாம். பிளே ஸ்டோரும் 2023 மே 31 முதல், தனிநபர் கடன் ஆப்கள் கான்டாக்ட்ஸையும் படங்களையும் கேட்பதைத் தடை செய்தது. ஆகவே எந்தக் கடன் ஆப்பாவது கான்டாக்ட்ஸ் கேட்டால், அது விதியை மீறுகிறது என்று அந்த நொடியே தெரிந்துகொள்ளலாம். லிங்க் அனுப்பி, பிளே ஸ்டோர் இல்லாமல் நேரடியாக ஏபிகே (ஆப் கோப்பு) போடச் சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மிரட்டல் வந்தால் அழைப்புப் பதிவையும் ஸ்கிரீன்ஷாட்டையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, தேசிய சைபர் கிரைம் தளத்தில் புகார் செய்யுங்கள். பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

மீனா அவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேண்டாம் என்று தெளிவாகச் சொன்ன பிறகும் ஓர் ஆண் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்ள முயன்றாலோ, ஆன்லைனில் உங்களைக் கண்காணித்தாலோ அது பின்தொடரும் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 78. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354டி என்று இருந்தது. நேரடியாகக் காவல் நிலையம் போகத் தயக்கமாக இருந்தால் 181 மகளிர் உதவி எண்ணில் முதலில் பேசலாம். ஒரே ஒரு கேள்வி கேட்டவர் மீது இது பொருந்தாது. ஆனால் "இனி தொழில் விஷயம் தவிர மெசேஜ் செய்ய வேண்டாம்" என்று எழுத்தில் ஒரு வரி அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்பட்டால் அதுதான் சாட்சி.

குமரன்77 | செவ்வாய், காலை 10.15

அனு எழுதியதைப் படித்த பிறகு என் போனில் பெர்மிஷன்களைப் பார்த்தேன். ஒரு டார்ச் ஆப்பிடமும் ஒரு ராசிபலன் ஆப்பிடமும் என் கான்டாக்ட்ஸ் இருக்கிறது. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இதை எப்படி எடுப்பது? புதிய நம்பர் வாங்கித் தனி வாட்ஸ்அப் வைத்துக்கொண்டால் எல்லாம் தீர்ந்துவிடாதா?

நிலா_டெவ் | செவ்வாய், பிற்பகல் 1.20

டார்ச் அடிக்க யார் நம்பரும் தேவையில்லை. எடுத்துவிடுங்கள். செட்டிங்ஸ் > பிரைவசி > பெர்மிஷன் மேனேஜர் > கான்டாக்ட்ஸ். போனுக்குப் போன் பெயர் கொஞ்சம் மாறும், செட்டிங்ஸின் தேடலில் 'பெர்மிஷன்' என்று போட்டால் வந்துவிடும். அனுமதி பெற்ற ஆப்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் திறந்து 'டோன்ட் அலவ்' கொடுங்கள். எனக்குத் தெரிந்து டயலர், கான்டாக்ட்ஸ், மெசேஜ், வாட்ஸ்அப் இந்த நான்கைத் தவிர வேறு எதற்கும் அவசியம் இருப்பதில்லை. உணவு ஆப், ஷாப்பிங் ஆப், கேம் எதற்கும் வேண்டாம்.

இந்த வசதியே மெதுவாகத்தான் வந்தது. 2012இல் பாத் என்ற சமூக வலை ஆப், ஐபோனில் கேட்காமலே முழு முகவரிப் புத்தகத்தையும் தன் சர்வருக்கு ஏற்றியது வெளியே வந்து பெரிய சர்ச்சை ஆனது. மறுவருடம் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடனான சமரசத்தில் எட்டு லட்சம் டாலர் கட்டினார்கள். அந்தச் சர்ச்சைக்குப் பிறகு, 2012இலேயே வந்த ஐபோனின் ஐஓஎஸ் 6இல்தான் ஆப் கான்டாக்ட்ஸ் கேட்டால் அனுமதித் திரை வரத் தொடங்கியது. ஆண்ட்ராய்டில் 2015இல் வந்த 6ஆம் பதிப்பு வரை, ஆப்பைப் போடும்போதே எல்லாவற்றுக்கும் மொத்தமாகச் சம்மதித்தாக வேண்டும். 2024இல் வந்த ஐஓஎஸ் 18இல் இன்னொரு நல்ல மாற்றம்: முழுப் புத்தகத்தையும் கொடுக்காமல், குறிப்பிட்ட சில பெயர்களை மட்டும் ஓர் ஆப்புக்குக் காட்டலாம். ஐபோன் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். இன்று அனுமதியை எடுத்தால் இனிப் போவது நிற்கும். ஏற்கெனவே போனது போனதுதான். அதனால் ஆப்பை நீக்கும் முன் அதனுள்ளேயே 'டிலீட் அக்கவுன்ட்' இருந்தால் அதைக் கொடுத்துவிட்டு நீக்குங்கள்.

புதிய நம்பர் பற்றி: ஒரே போனில் இரண்டு வாட்ஸ்அப் வைத்தாலும், இரண்டும் படிப்பது ஒரே போன் புத்தகத்தைத்தான். புதிய நம்பர் உதவும், ஆனால் எந்த நம்பரை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயம். ரவி இதை இன்னும் நன்றாகச் சொல்வார்.

ரவி_செல்_சர்வீஸ் | செவ்வாய், இரவு 8.45

சொல்கிறேன். மீனா அக்கா மாதிரி வீட்டில் தொழில் செய்பவர்கள் எல்லாரும் கவனியுங்கள். பலர் தொழிலுக்குப் புது நம்பர் வாங்கி, அதை வாடிக்கையாளர்களுக்குச் சொல்லப் பார்ப்பார்கள். நடக்காது. பழைய நம்பர் ஊர் முழுக்கப் போயாச்சு. தலைகீழாகச் செய்யுங்கள். பழைய நம்பரைத் தொழிலுக்கே விட்டுவிட்டு, புதிய நம்பரைக் குடும்பத்துக்குக் கொடுங்கள். குடும்பம் என்றால் ஐம்பது, அறுபது பேர். ஒரே நாளில் சொல்லி முடித்துவிடலாம். போர்டு மாற்ற வேண்டாம், பில் புக்கும் அப்படியே இருக்கட்டும்.

பழைய நம்பரில் இப்போதிருக்கும் வாட்ஸ்அப்பில் முதலில் பேக்கப் எடுங்கள். பிறகு வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பைப் போட்டு, அதே நம்பரைக் கொடுங்கள். பழைய பேச்சுகளைக் கொண்டுவரவா என்று கேட்கும், சரி என்று கொடுங்கள். ஒரு நம்பர் ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றில்தான் இருக்கும் என்பதால் சாதா வாட்ஸ்அப் காலியாகிவிடும். அதில் புதிய சிம் நம்பரைப் போடுங்கள். குடும்பக் குழுக்கள் பழைய நம்பரோடு போயிருக்கும். ஒவ்வொன்றிலும் புதிய நம்பரைச் சேர்க்கச் சொல்லிவிட்டு, பழையதில் இருந்து வெளியேறுங்கள். இந்த வேலைக்கு வாட்ஸ்அப்பில் இருக்கும் 'சேஞ்ச் நம்பர்' வசதியைப் பயன்படுத்த வேண்டாம். அது உங்கள் கணக்கையே புதிய நம்பருக்கு நகர்த்திவிடும், நீங்கள் இருக்கும் குழுக்கள் எல்லாவற்றுக்கும் "நம்பர் மாறிவிட்டது" என்று அறிவித்தும்விடும்.

இனி வாடிக்கையாளருக்குப் பழைய நம்பர் மட்டும்தான் தெரியும். புதிய நம்பர் அவர் போனில் இல்லாதவரை, அதில் போடும் ஸ்டேட்டஸ் அவருக்குப் போகாது. புதியதில் ப்ரைவசி > கால்ஸ் போய் 'சைலன்ஸ் அன்னோன் காலர்ஸ்' போட்டுவிடுங்கள். தெரியாத நம்பரில் இருந்து வரும் வாட்ஸ்அப் கால் மணியடிக்காது, பட்டியலில் மட்டும் இருக்கும். பழையதில் அதைப் போடாதீர்கள், புது ஆர்டர் போய்விடும்.

பிசினஸ் ஆப்பில் முகவரி கேட்கும். தெருப் பெயர் வரை போதும். கதவு எண்ணும் வரைபடப் புள்ளியும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கும், வீட்டிலேயே தைப்பவருக்கு அது வேண்டாம்.

இன்னொரு பழக்கம். ஒரே ஒரு முறை பேச வேண்டிய ஆளுக்கு, உதாரணமாகப் பிளம்பர், கூரியர்காரர், நம்பரைச் சேமிக்கவே தேவையில்லை. வாட்ஸ்அப்பில் 'மெசேஜ் யுவர்செல்ஃப்' என்று உங்களுக்கே அனுப்பும் இடம் இருக்கிறது. அதில் நம்பரை டைப் செய்து அனுப்புங்கள். நம்பர் நீல நிறத்தில் வரும், தொட்டால் 'சாட்' என்று கேட்கும். சேமிக்காமலே பேசிவிடலாம். பிசினஸ் ஆப்பில் ஒரு பேச்சுக்கு லேபிள் ஒட்டலாம், அதற்கும் சேமித்திருக்க வேண்டியதில்லை. 'துணி வந்தது', 'கட்டிங்', 'ரெடி', 'பாக்கி' என்று லேபிள் வைத்தால் உங்கள் வேலைக்கே சௌகரியமாக இருக்கும்.

செவிலி_அனு | புதன், காலை 7.15

ரவி அண்ணா, மகன் பள்ளிப் பெற்றோர் குழு, அபார்ட்மென்ட் குழு என்று நம்மைக் கேட்காமலே சேர்த்துவிடுகிறார்களே? பெற்றோர் குழுவில் என் நம்பரை எடுத்து ஒருவர் பாலிசி விற்கக் கூப்பிடுகிறார்.

ரவி_செல்_சர்வீஸ் | புதன், காலை 10.05

பிரைவசி > குரூப்ஸ். தானாக இருப்பது 'எவ்ரிஒன்'. 'மை கான்டாக்ட்ஸ்' ஆக்குங்கள். 2019இல் இந்த வசதி வந்தது. மற்றவர்கள் சேர்க்கப் பார்த்தால், அவர்கள் தனியாக அழைப்பு அனுப்ப வேண்டும், நீங்கள் மூன்று நாளுக்குள் ஏற்றால்தான் உள்ளே போவீர்கள்.

சாதாரணக் குழுவுக்குள் இருந்துகொண்டு நம்பரை மறைக்க முடியாது. 'அட்மின் மட்டும் பேசலாம்' என்று வைத்தாலும் உறுப்பினர் பட்டியலில் எல்லார் நம்பரும் தெரியும். பள்ளியில் சொல்லிப் பாருங்கள்: குழுவுக்குப் பதில் 'கம்யூனிட்டி' தொடங்கி, அதன் அறிவிப்புப் பகுதியில் மட்டும் பெற்றோர்களைச் சேர்த்தால், ஒரு பெற்றோர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது. அட்மினுக்கும், ஏற்கெனவே சேமித்து வைத்திருப்பவருக்கும் மட்டும் தெரியும். அறிவிப்பு அனுப்ப இதுவே போதும். ஆசிரியர்கள் இதைச் செய்தால் நூற்றுக்கணக்கான அம்மாக்களுக்கு நிம்மதி.

தமிழாசிரியர்_ஓய்வு | புதன், காலை 11.40

தனி ஜிமெயில் தொடங்கிப் பெயர்களை மாற்றிவிட்டேன். நன்றி தம்பி. ட்ரூகாலரில் என் பெயர் 'ட்யூஷன் சார் கஞ்சன்' என்று வருவதாகப் பேரன் காட்டினான். நான் அந்த ஆப்பைப் போட்டதே இல்லை. மனது கஷ்டமாகிவிட்டது. டெலிகிராமிலும் நான் சேர்ந்த அன்றே பழைய மாணவர்கள் பலர் "சார் வந்துட்டீங்களா" என்று எழுதினார்கள். யாரிடமும் சொல்லவில்லையே?

நிலா_டெவ் | புதன், பிற்பகல் 3.00

சார், அந்தப் பெயர் உங்களைப் பற்றிய தீர்ப்பு இல்லை. யாரோ ஒரு பையன் எப்போதோ தன் போனில் போட்ட பெயராக இருக்கும். நீங்கள் ஆப் போடாவிட்டாலும், உங்கள் நம்பரை வைத்திருக்கும் மற்றவர்கள் பகிர்ந்ததும் பரிந்துரைத்ததும் அங்கே போய்ச் சேரலாம். பெயர் திருத்த வேண்டும் என்றால் அதில் கணக்குத் தொடங்கிச் சரியான பெயரைப் போடலாம். அதுவும் வேண்டாம் என்றால், ட்ரூகாலர் இணையதளத்தில் 'அன்லிஸ்ட்' பக்கத்தில் நம்பரைக் கொடுத்து நீக்கச் சொல்லலாம். கணக்கு இருப்பவர்கள் முதலில் கணக்கை முடக்கிவிட்டுத்தான் அன்லிஸ்ட் கொடுக்க வேண்டும்.

டெலிகிராமில் உங்கள் நம்பரைச் சேமித்து, கான்டாக்ட்ஸ் சிங்க் செய்தவர்களுக்கு நீங்கள் சேர்ந்ததும் அறிவிப்பு போகும். இப்போது செட்டிங்ஸ் > பிரைவசி அண்ட் செக்யூரிட்டி > போன் நம்பர் போங்கள். யார் பார்க்கலாம் என்பதை 'நோபடி' ஆக்கினால், அதன் கீழே இன்னொரு கேள்வி தோன்றும்: நம்பரை வைத்து உங்களை யார் கண்டுபிடிக்கலாம்? அதை 'மை கான்டாக்ட்ஸ்' ஆக்குங்கள். முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். திரும்ப 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பக்கத்துக்கு வந்து, கீழே 'சிங்க் கான்டாக்ட்ஸ்' அணைத்து, 'டிலீட் சிங்க்ட் கான்டாக்ட்ஸ்' கொடுங்கள். சிக்னல் என்ற மெசேஜ் ஆப்பில் 2024 பிப்ரவரியில் யூசர்நேம் வந்துவிட்டது, நம்பரைக் கொடுக்காமலே பேசலாம்.

நம்பர் மட்டும் தெரிந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2021இல் 53 கோடிக்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் பயனர்களின் விவரம் நம்பரோடு இணையத்தில் இலவசமாக வந்தது. திருடியவர்கள் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. கான்டாக்ட்ஸ் ஏற்றும் வசதியிலேயே கோடிக்கணக்கான நம்பர்களைப் போட்டு, எது யாருடையது என்று கேட்டு வாங்கினார்கள். அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்காக 26.5 கோடி யூரோ அபராதம் போட்டது. 2025 நவம்பரில் வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாட்ஸ்அப்பிலும் இதே வழியில் 350 கோடி கணக்குகளைக் கண்டுபிடிக்க முடிந்ததாக வெளியிட்டார்கள். அதில் பாதிக்கு மேற்பட்டவர்களின் டிபி, யாருக்கும் தெரியும்படி திறந்திருந்தது. டிபியை 'எவ்ரிஒன்' என்று விட்டிருப்பவர்கள் இன்றைக்கே மாற்றுங்கள்.

குமரன்77 | புதன், மாலை 6.20

மாற்றிவிட்டேன். வீட்டில் எல்லார் போனையும் வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவிடம் பழைய சிம் ஒன்று இருக்கிறது, ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடலாம் என்று இருக்கிறோம். அதில் வாட்ஸ்அப் இருக்கிறது. தானாகப் போய்விடும்தானே?

வழக்குரைஞர்_மதுரை | புதன், இரவு 8.10

அப்படி விட்டுவிடாதீர்கள். துண்டிக்கப்பட்ட நம்பர் 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். 2023 நவம்பரில் இது குறித்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, பழைய நம்பரில் இருக்கும் வாட்ஸ்அப் கணக்கை நீக்கித் தரவுகளை அழித்துக்கொள்வது சந்தாதாரரின் பொறுப்பு என்றுதான் நீதிமன்றம் சொன்னது. புது ஆளுக்கு உங்கள் அப்பாவின் வங்கி ஓடிபி போகும் அபாயமும் இருக்கிறது.

ரவி_செல்_சர்வீஸ் | புதன், இரவு 9.00

குமரன், சிம் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்யுங்கள், ஓடிபி வர வேண்டும். முதலில் வங்கி, ஆதார், சமையல் கேஸ் மூன்றிலும் புது நம்பரைப் பதியுங்கள். ஆதாருக்கு மையத்துக்கு நேரில் போக வேண்டியிருக்கலாம். அப்புறம் யுபிஐ, ஜிமெயிலின் ரெகவரி நம்பர், ஃபேஸ்புக். வாட்ஸ்அப்பில் அப்பாவுக்குப் பேச்சுகள் வேண்டும் என்றால் இங்கேதான் 'சேஞ்ச் நம்பர்' சரியான வழி. யாருக்குத் தெரிவிக்கலாம் என்று கேட்கும்போது 'கஸ்டம்' எடுத்து வேண்டியவர்களை மட்டும் டிக் செய்யுங்கள். பேச்சுகள் வேண்டாம் என்றால் அக்கவுன்ட்டையே டிலீட் கொடுங்கள், ஆப்பை மட்டும் நீக்கினால் கணக்கு அப்படியே இருக்கும். புது நம்பரில் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போட்டு ஆறு இலக்க பின்னை ஒரு நோட்டில் எழுதி அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். இதெல்லாம் முடிந்து ஒரு மாதம் பழைய சிம்மைக் குறைந்த ரீசார்ஜில் வைத்திருங்கள். மறந்துபோன ஏதாவது ஒரு இடத்தில் இருந்து மெசேஜ் வரும், அதையும் மாற்றிவிட்டு சிம்மை ஒப்படையுங்கள்.